நூற்றுக்கு நூறு வாங்கிய நாடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கரண்ட் போகாத ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விரும்பத்தான் வேண்டுமா என்று ஒரு சந்தேகம் இருந்தாலும், மரியாதைக்காக விரும்பிவிட்டேன்.

அக்கா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசித்திருப்பாய். தேசிய டிஜிட்டல் வளர்ச்சித் திட்டப் பிரிவின் பொறுப்பு அதிகாரியாகிய என்னுடைய மின்னஞ்சலை, விசாரணை முடியும்வரை என்று முடக்கியவர்கள் இன்னும் திறந்துவிடவில்லை. வீட்டு இணையம் இருக்கிறதே என்பாய். குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் எங்கள் தெருவைத் தோண்டியபோது அதன் கேபிளை வெட்டிவிட்டார்கள். தண்ணீராவது வந்ததா என்றால், கேபிளை ஒட்ட வந்தவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். ஆக இப்போது எங்கள் வீட்டில் தடங்கலின்றி ஓடுவது பேனா மட்டும்தான்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, "என்னக்கா, பேப்பர்ல உங்க அமைச்சர் போட்டோ என்னமோ கேவலமா வந்திருக்காமே, திட்டம் என்னதான் ஆச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சிரிக்காமல் கேள். ஏனென்றால் அந்த ஆரம்பமே நீதான்.

எங்கள் அலுவலகம் உனக்குத் தெரியும். இரண்டாம் மாடியில் கடைசி அறை. அறையில் பாதி எங்களுக்கு, மீதிப் பாதி கால் உடைந்த நாற்காலிகளுக்கு. அந்த நாற்காலிகளை எடுத்துப் போக ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கிறோம், வந்ததும் போய்விடும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் சொன்னார்கள். எங்கள் செயலாளரை அலுவலகம் முழுவதும் 'ஆகட்டும்' என்றுதான் கூப்பிடும். எது சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார். கூரை ஒழுகுகிறது என்றாலும் ஆகட்டும்தான். நல்ல மனிதர். அவரால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, ஏனென்றால் அவரால் எதுவுமே வந்ததில்லை. நாட்டை டிஜிட்டலாக மாற்றும் திட்டத்தை எழுதும் வேலை எங்களிடம் வந்தபோது முதலில் அட்டை தயாரானது. வயல் நடுவே ஒரு சிறுமி டேப்லெட்டைப் பார்த்துச் சிரிக்கிற படம். அட்டையின் பின்னணி நீலமா பச்சையா என்று தகவல் துறைக்கும் தொழில் துறைக்கும் சண்டை வந்து, இரண்டும் கலந்து, கடைசியில் சிறுமி கொஞ்சம் நோயாளி மாதிரி ஆகிவிட்டாள். அந்த அட்டைக்குள் வைப்பதற்குத்தான் ஒரு பக்கமும் இல்லை.

அப்படியே இருந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன். அதற்குள் எங்கள் அமைச்சர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டார். டிஜிட்டல் வளர்ச்சியில் எந்த நாடு எத்தனையாவது இடம் என்று அங்கே பட்டியல் போட்டு, அந்த வரிசைப்படியே நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாட்டு அமைச்சர் நம்மவருக்கு ஓர் இடம் முன்னால். அவருக்கு மேடை தெரிந்திருக்கிறது. நம்மவருக்கு ஒரு தூண் தெரிந்திருக்கிறது. மாநாடு முடியும்வரை அந்தத் தூணையே பார்த்துவிட்டு வந்த மனிதர், விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் அறைக்கு வந்து, கால் உடைந்த நாற்காலி ஒன்றில் தெரியாமல் உட்கார்ந்து, சமாளித்து எழுந்து, "அடுத்த மாநாட்டுக்குள்ள திட்டம் கையில இருக்கணும். இல்லைன்னா நீங்க யாரும் இருக்க மாட்டீங்க" என்றார். செயலாளர் "ஆகட்டும் ஐயா" என்றார்.

திட்டத்தின் முதல் அத்தியாயத்துக்கு 'தற்போதைய நிலை' என்று பெயர். நாட்டில் எத்தனை வீட்டில் இணையம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே, இல்லாத வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்க முடியும்? கணக்கெடுப்பாளர்களை அனுப்பி வீடு வீடாகக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அதற்குள் மாநாடு வந்துவிடும் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து நீ போன் செய்தாய். என் குரலைக் கேட்டுவிட்டு என்ன கவலை என்று கேட்டாய். நானும் சொல்லித் தொலைத்தேன்.

"அய்யோ அக்கா, நீங்கல்லாம் இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க? வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டறதா? ஆன்லைன்ல ஒரு படிவம் போடுங்க. நாடே உட்கார்ந்த இடத்துலயிருந்து பதில் சொல்லிடும். நானே செஞ்சு தரேன், விடுங்க."

செய்தும் தந்தாய். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பொத்தான் எல்லாம் உருண்டையாக, தொட்டால் துள்ளியது. என் தம்பி செய்தது, வெளிநாட்டில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். லிஃப்ட் ஓடாததால் நிறையப் பேர் எதிர்ப்பட்டார்கள்.

பதில்கள் கொட்டின. 'உங்கள் வீட்டில் இணைய வசதி உள்ளதா?' என்ற முதல் கேள்விக்கு எல்லோரும் 'ஆம்' என்றே சொல்லியிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல்! பிள்ளை எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கி வந்த தாய் மாதிரி நான் பூரித்துப் போனேன். அன்று மாலை பேருந்தில் வரும்போது முன் இருக்கையில் ஒருவர் சிக்னல் கிடைக்காமல் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்று ரோட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த மனிதரால் எப்படி நம் படிவத்துக்குப் பதில் சொல்லியிருக்க முடியும்? இணையம் இல்லாதவன் இணையத்தில் வந்து எனக்கு இணையம் இல்லை என்று எப்படியடா சொல்வான்?

இறங்கியதும் உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? "அது வந்துக்கா... சாம்பிள்ல ஒரு சின்னப் பிரச்சினை" என்றாய்.

"சின்னதுன்னா எவ்வளவு சின்னதுடா?"

"மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்."

போன வாரம்வரை அந்த மீட்டிங் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அமைச்சர் முன்னால் கூட்டம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் செயலாளர் என் கணினியிலிருந்து முதல் கேள்விக்கு வந்த பதில்களின் படத்தை எடுத்துத் திரையில் போட்டுவிட்டார். முழு வட்டம். ஒரே நிறம்.

"என்ன இது, வெட்டாத கேக் மாதிரி இருக்கு?" என்றார் அமைச்சர்.

"நூறு சதவீதம் ஐயா. எல்லா வீட்டுலயும் இணையம் இருக்கு," என்றார் செயலாளர். வாழ்க்கையில் அவர் 'ஆகட்டும்' தவிர வேறு வார்த்தை பேசி நான் கேட்டது அப்போதுதான். அதையும் அன்றைக்குப் பார்த்தா பேச வேண்டும்?

அமைச்சர் எழுந்து நின்றார். திட்டத்தின் இலக்கே எண்பது சதவீதம்தான், அதையும் நம் பேரன்மார் காலத்தில் எட்டுவதாகத்தான் நினைத்திருந்தோம். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டோமேய்யா!" என்றார். அவர் கண்ணில் நீர் ததும்பியது. அந்தத் தூண் நினைவுக்கு வந்திருக்கும்.

நான் எழுந்தேன். "ஐயா, ஒரு சின்ன விஷயம். இணையம் இல்லாதவங்க இந்தப் படிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டாங்க. அவங்க எப்படி ஐயா பதில் சொல்லியிருப்பாங்க?"

"சொல்லலையில்ல?"

"சொல்லலைங்க ஐயா."

"அப்போ அவங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னுதானேம்மா அர்த்தம்?"

தம்பி, நீ படித்தவன், இதற்குப் பதில் தெரிந்தால் எழுது. எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை நல்ல நாற்காலிதான், ஆனாலும் கீழே போவது போலவே இருந்தது.

எல்லோர் வீட்டிலும் இணையம் வந்துவிட்ட பிறகு அரசு அலுவலகங்களில் கவுண்டர் எதற்கு என்று அடுத்த மாதமே எல்லாவற்றையும் மூட உத்தரவு போட்டார்கள். பிறப்பு, இறப்பு, நிலப் பட்டா, ஓய்வூதியம் எல்லாம் போனில்தான். கவுண்டர் கம்பிக் கதவில் 'எங்களை இணையத்தில் சந்தியுங்கள்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். என்ன, முன்பு ஜனங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், இப்போது பார்க்காமல் சும்மா இருந்தார்கள்.

அதன் முதல் பலி வேறு யாருமல்ல, உன் அத்தான்தான். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா, வருஷத்துக்கு ஒருதரம் ஓய்வூதிய ஆபீசுக்குப் போய், இன்னும் இருக்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய சிநேகிதர்களோடு டீ குடித்துவிட்டு வருவார். இந்தத் தடவை அதைப் போனிலேயே செய்ய வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும், 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று அது சொல்லும்போது சிமிட்ட வேண்டும். கேபிளை அதற்குள் வெட்டியாயிற்று, எங்கள் வீட்டுக்குள் சிக்னலும் வராது. அதனால் மொட்டைமாடிக்குப் போய், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிமிட்டினார். 'அடையாளம் காண இயலவில்லை' என்றது. வெயில் முகத்தில் விழுகிறதாக்கும் என்று திரும்பி நின்று சிமிட்டினார். 'மெதுவாகச் சிமிட்டுங்கள்' என்றது. மெதுவாகச் சிமிட்டினார். 'ஒரு புன்னகையுடன்' என்றது. அதையும் செய்தார். எதிர் மொட்டைமாடியில் அதே நேரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி.

நான் ஆபீசிலிருந்து வரும்போது டிரைவிங் ஸ்கூல்காரர் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "சார், உங்க வயசுக்கு இது நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் உயிரோட இருக்கேன்னு காட்டத்தான்யா கண்ணைச் சிமிட்டினேன்!"

"அது தெரியுது சார். நல்லாவே உயிரோட இருக்கீங்க."

நான் நடுவில் புகுந்து, இது அரசாங்கத் திட்டம் என்றேன். "கண்ணடிக்கிறதா?" என்றார். ஆமாம், சுற்றறிக்கை என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், அந்தப் பார்வையை நான் எந்தப் படிவத்திலும் சேர்க்க முடியாது. போகும்போது, "நாளைக்கு எங்க அப்பாவும் கண்ணடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அத்தான் சாப்பிட உட்காரவில்லை. "ஒருநாள் உன் தம்பியை நம்ம மொட்டைமாடிக்குக் கூட்டிட்டு வா, நான் கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று மட்டும் சொன்னார். வந்தால் கைப்பிடிச் சுவர் பக்கம் நிற்காதே.

இதற்கு நடுவில், நூறு சதவீதத்தைக் கொண்டாட ஒரு பெரிய விழா ஏற்பாடாயிற்று. திட்டத்துக்கு நிதி தருவதாக இருந்த வெளிநாட்டு அமைப்பின் பிரதிநிதி அம்மாள் வருகிறார், பக்கத்து நாட்டு அமைச்சரையும் வேண்டுமென்றே கூப்பிட்டு மூன்றாவது வரிசையில் போட்டிருக்கிறார்கள். விழாவின் உச்சம் என்ன தெரியுமா? நாட்டின் கடைக்கோடி மலைக்கிராமத்தில் இருக்கும் ஒரு சாதாரணக் குடிமகனோடு அமைச்சர் மேடையிலிருந்தே பெரிய திரையில் நேரடியாகப் பேசுவார். அந்தக் குடிமகனைக் கண்டுபிடித்துத் திரையில் கொண்டுவருவது என் பொறுப்பு. செயலாளரிடம் போய், அங்கே சிக்னலே கிடையாது ஐயா என்றேன். "ஆகட்டும்" என்றார்.

ஜீப்பில் போனேன். டிரைவர் அந்தப் பக்கத்துக்காரர். மலை ஏற ஏற என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. "பயப்படாதீங்க மேடம், ஒரே ஒரு எடத்துல கிடைக்கும். கடைசி வளைவுல" என்றார். அந்த வளைவில் மலை சட்டென்று விலகி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் ஒரு டவர் தெரிகிறது. அது தெரிகிற இடத்தில் மட்டும் சிக்னல். ரெண்டடி இந்தப் பக்கம் வந்தால் போச்சு. ஜீப் திரும்பியதும் நான் பார்த்த காட்சியைச் சொன்னால் நம்ப மாட்டாய். சாலை ஓரச் சுவரை ஒட்டி ஒரு பெரிய வரிசை. சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் போனும் கையுமாக நிற்கிறது. வரிசையின் பக்கத்திலேயே ஒரு மரநாற்காலி, கிலோமீட்டர் கல்லின் மேல் சாய்த்து வைத்த கண்ணாடி, ஒரு சலூன்காரர். சிக்னலுக்குக் காத்திருக்கிறவர்கள் சும்மாதானே நிற்கிறார்கள் என்று கடையை ஊருக்குள்ளிருந்து தூக்கி வளைவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் துண்டை உதறி, "பேசவா, வெட்டவா?" என்றார்.

"ரெண்டும் இல்லைங்க. அமைச்சர் உங்களோட பேசணும்னு ஆசைப்படறார்."

"அவருக்கு வெட்டணுமா?"

விளக்கிச் சொன்னேன். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "முன்னாடி சுமார்தாங்க. இப்பக் கீழ எல்லா ஆபீஸ்லயும் கவுண்டரை மூடிட்டாங்கல்ல, அதுலயிருந்து கூட்டம் தாங்கலை. எதுக்கெடுத்தாலும் இந்த வளைவுக்குத்தானே வந்தாகணும்? யாரு மூடினாங்களோ, அவங்க குடும்பம் நல்லா இருக்கணும்ங்க" என்று கத்தரிக்கோலோடு கையெடுத்துக் கும்பிட்டார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான். குனிந்து வாங்கிக்கொண்டேன். உன் பங்கையும் சேர்த்துத்தான்.

அவரையே குடிமகனாகத் தேர்ந்தெடுத்தேன். வேறு யாரும் வரிசையை விட்டு வரத் தயாரில்லை. அமைச்சர் "இணையம் எப்படி இருக்கு?" என்று கேட்பார், நீங்கள் "நல்லா இருக்குங்க, அரசுக்கு நன்றி" என்று சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை என் உச்சரிப்பைத் திருத்தினார்.

விழா நாள் வந்தது. தொலைத்தொடர்புத் துறை அனுப்புவதாகச் சொன்ன போன் ஸ்டாண்ட் வரவில்லை. நானே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்தவர்களையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் போகச் சொன்னேன், படத்தில் கூட்டம் தெரியக் கூடாதே. போனார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்த வளைவில் கிடைப்பதே கைப்பிடியளவு சிக்னல். தலைநகரத்து மண்டபத்தோடு படமும் சத்தமுமாகத் தொடர்பு கிடைத்ததும், அத்தனையையும் என் போனே குடித்துவிட்டது. பின்னால் இருந்தவர்களின் போன்களில் எல்லாம் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. கைக்குழந்தையோடு ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"அக்கா, எப்ப முடிப்பீங்க? பாப்பாவுக்குப் பேரு பதிய இன்னிக்குத்தான் கடைசி நாளாம். பதியலைன்னா கோர்ட்டுக்குப் போகணுமாம். போன்ல சார்ஜ் போயிட்டிருக்கு. எங்க ஊர்ல கரண்ட் இல்லை, திரும்பப் போய் ஏத்திட்டும் வர முடியாது."

"கொஞ்சம் இரும்மா, நாட்டு விஷயம்" என்றேன். சொன்ன வாயை என்ன செய்வது?

திரையில் அமைச்சர் தோன்றினார். கைதட்டல். "வணக்கம்! இணையம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க, அரசுக்கு நன்றி!" என்றார் சலூன்காரர், கணீரென்று.

இன்னும் பெரிய கைதட்டல். இத்தோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே அமைச்சர், "வீட்டுல எல்லாரும் பயன்படுத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"வீட்டுலயா? வீட்டுல ஏதுங்க? இந்த வளைவுல மட்டும்தாங்க. ரொம்ப நல்லா இருக்கு, இப்படியே இருக்கட்டும். தயவு செஞ்சு வீட்டுக்கு வீடு குடுத்துடாதீங்க, என் பொழப்பு போயிடும்."

"ஹலோ... சரியாக் கேக்கலை போலிருக்கு," என்றார் அமைச்சர்.

"நல்லாக் கேக்குதுங்க!" என்று சலூன்காரர் இன்னும் பலமாகக் கத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார்.

பின்னால் அந்தப் பெண், "போச்சு, சிவப்புல வந்திடுச்சு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, போனைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் என் கை திரும்பியது. கை வலித்தது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். திரும்பிய கை அப்படியே நின்றும்விட்டது. மண்டபத்துத் திரையில் அந்த வரிசை முழுவதும் தெரிந்திருக்கிறது. போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தவர்கள், குழந்தைக்காரி, பாதி மீசை எடுத்தவர், ஒரு கன்னம் முழுக்க நுரையோடு அப்படியே எழுந்து வந்தவர்.

"யாரு இவங்கல்லாம்? என்னைப் பார்க்கவா வந்திருக்காங்க?" என்றார் அமைச்சர்.

குழந்தைக்காரி எக்கி, என் போனுக்குள் வாயை வைத்துச் சொன்னாள்: "நீங்க பேச்சை முடிச்சீங்கன்னா எங்களுக்கு சிக்னல் கிடைக்குங்க!"

மண்டபத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது. செயலாளரே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியதாகச் சொல்கிறார்கள். பாவம், அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனால் வளைவில் நடந்ததைச் சொல்கிறேன். அறுந்த மறுநொடி வரிசை முழுவதும் டிங் டிங் என்று போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. யாரோ விசில் அடித்தார்கள். அந்தப் பெண் மூச்சுவிடாமல் எதையெதையோ அமுக்கினாள். எழுத்து சிறியது என்று என்னிடம் நீட்டினாள், நானும் அமுக்கினேன். குழந்தையின் பெயர் பதிவாகிவிட்டது. பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது, உடனே போன் செத்துப்போனது. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய அறிக்கைகளால் ஒரு மனிதருக்கு ஒரு வேலை முடிந்து நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். திரும்பி வரும்போது ஜீப்பில் அழுதேன். வேலை போகப் போகிறதே என்றும் அழுதேன், அது வேறு.

மறுநாள் பேப்பரில் வந்த படம்தான் நீ கேட்டது. மேடையில் கைகூப்பியபடி அமைச்சர். அவர் தலைக்கு மேலே, அவரைவிட நாலு மடங்கு பெரிதாக, நுரை தடவிய ஒரு கன்னம்.

விசாரணையைச் செயலாளரே நடத்தினார்.

"போனை ஏன் திருப்பினீங்க?"

"கை வலிச்சுது சார்."

"எந்தக் கை?"

"வலது கை சார்."

"போன் எந்தக் கையில இருந்தது?"

"இடது கையில."

ஜன்னலைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. ஆனால் அந்த ஒரு தடவை அந்த வார்த்தை காதுக்கு இதமாக இருந்தது.

இருந்தும் முடிவு தெரிந்ததுதான். திட்டத்தைக் கைவிட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கவுண்டர்கள் இன்னும் மூடியே இருக்கின்றன, அவற்றைத் திறக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நிதி தர வந்த அம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாராம். நான் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். போதுமடா தம்பி. ஒரு நாட்டை முன்னேற்றுவது நம் குடும்பத்து உடம்புக்கு ஒத்துவராது. இனிமேல் திட்டம், இலக்கு, சதவீதம் என்ற வார்த்தை எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. நீயும் அக்காவுக்கு உதவுகிறேன் என்று ஒரு பொத்தான்கூடச் செய்து அனுப்பாதே. எனக்கு உன் மேல் கோபம் இல்லை. இருந்தது, எழுதி எழுதித் தீர்ந்துவிட்டது. உன் அத்தானுக்கு இருப்பதைப் பற்றி நான் உறுதி சொல்ல முடியாது.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாருக்கும் யோசனை சொல்லாத ஒரு நல்ல வேலையில் அமரட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. நீ எங்கே நின்றாலும் உனக்குச் சிக்னல் கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜீப் டிரைவர் வந்து ஆபீசுக்குக் கூட்டிப்போனார். இப்போதுதான் திரும்பினேன். மேலே எழுதியதை அடிக்க நேரமில்லை, நீயே மனதில் அடித்துக்கொள். அந்த வெளிநாட்டு அம்மாள் பேசாமல் எழுந்து போனது நேராக அந்த வளைவுக்குத்தானாம். வரிசையில் நின்று பார்த்திருக்கிறார், சலூன்காரரிடம் முடியும் வெட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை நாட்டில் இத்தனை விழா பார்த்தேன், உள்ளதை உள்ளபடி காட்டியது நீங்கள் ஒருவர்தான் என்று அமைச்சருக்குப் பாராட்டு எழுதி, முதலில் மின்சாரம், அப்புறம் டவர், அப்புறம் மற்றது என்று வரிசைப்படி செய்தால் நிதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியை அப்படிக் காட்டச் சொன்னதே தான்தான் என்று அமைச்சர் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் ஓய்வுக் கடிதத்தைச் செயலாளர் அவர் கையாலேயே கிழித்தார். திட்டத்துக்கு என்னையே தலைவியாகப் போட்டுவிட்டார்கள், வீராப்பாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், 'சரிங்க ஐயா' என்று வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன், மூடிய கவுண்டர்களை நாளையே திறக்க வேண்டும் என்று. அமைச்சர் திடுக்கிட்டு, "கவுண்டரை மூடிட்டாங்களா? யாரும்மா அந்த அயோக்கியத்தனம் செஞ்சது?" என்றார். உடனே திறக்கவும் உத்தரவு போட்டார், மூடியதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழுவும் போட்டார். அதற்கும் நான்தான் தலைவி. முறைப்படி முதல் சாட்சி, அந்தப் படிவத்தைத் தயாரித்தவர். சம்மன் தனியாக வரும்.